தண்டனை டிரையும் மஞ்சள் அட்டையும்: ஒரு திருத்தம்

சுங்கை சிப்புட் திடலில் நடந்த ரக்பி ஆட்டத்தில் நடுவர் தண்டனை டிரையும் (டிரை என்பது எதிரணியின் கோல் கோட்டிலோ அதற்கு அப்பாலோ பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) கொடுத்து மஞ்சள் அட்டையும் காட்டியது ‘இரட்டைத் தண்டனை’ என்றும், பந்து கோட்டைத் தொடாததால் அந்த டிரையே செல்லாது என்றும் அண்ணன் ஒருவர் எழுதியிருப்பது தவறு. எதிரணியின் முறைகேடு நடக்காதிருந்தால் டிரை அநேகமாக விழுந்திருக்கும் என்று நடுவர் கருதினாலே உலக ரக்பி விதி 8 தண்டனை டிரைக்கு இடம் தருகிறது. உறுதியாக விழுந்திருக்க வேண்டும் என்று விதி எங்கும் கேட்பதில்லை. கோட்டை நெருங்கும் மால் கூட்டத்தை (பந்தை ஏந்தியவரைப் பிடித்தபடி இரு அணியினரும் நின்று தள்ளும் கூட்டம்) வேண்டுமென்றே சரிப்பது இதற்கு மிகப் பழக்கமான உதாரணம். முறைகேடு செய்தவரைக் குறைந்தது மஞ்சள் அட்டை காட்டி 10 நிமிடம் வெளியேற்றுவதும் அதே விதியின் கட்டளை என்பதால், நடுவருக்கு வேறு வழியே இல்லை. பழைய விதியில் 5 புள்ளி தந்து கூடுதல் புள்ளிக்கான உதையும் உண்டு. இப்போது உதையின்றி நேராக 7 புள்ளி. நம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் நேர்மையான நடுவரைக் குறை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.