சம்பாவும் அளமும்

இரண்டு மாதத்துக்கு முந்தி ஒரு மாதம் முழுக்க உப்பிலேயே ஊறிக் கிடந்தேன். சென்னையில் புதிதாக உப்பு விற்க வந்திருக்கும் ஒரு நிறுவனம். வெப்சைட்டுக்கு எட்டுப் பக்கம், பாக்கெட்டின் பின்பக்கத்துக்கு நாலு வரி, இன்ஸ்டாகிராமுக்கு இருபது போஸ்ட். சொல்லுக்கு ஒன்றரை ரூபாய். ஆறு வருஷமாக ஃப்ரீலான்ஸில் குப்பை கொட்டுகிறவனுக்கு இது நல்ல ரேட்தான்.

வந்த பிரீஃப்பைத் திறந்தால், ஏஐ எழுதிக் கொடுத்த பத்திகள். "உப்பு வெறும் சுவையூட்டி அல்ல, அது ஓர் உணர்வு" என்று ஆரம்பம். "லேசா டச் பண்ணிக் கொடுங்க சார், அரை மணி நேர வேலை" என்றார் மார்க்கெட்டிங் தம்பி. உப்பில்லாத ரசத்தை ஒரு வாய் குடித்தவனுக்கு இந்த வாக்கியம் வராது. மெஷினைச் சொல்லிக் குற்றமில்லை, பாவம், அதற்கு ரசமும் கிடையாது.

சரி, பார்த்துவிட்டே எழுதுவோம் என்று கைக்காசைப் போட்டுத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன். காலை ஏழரை மணிக்கே உப்பளத்தின் வெள்ளை கண்ணில் அறைந்தது. வேலையை விடியுமுன்னே தொடங்கியிருந்தார்கள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். "என்ன தம்பி, கண்ணு கூசுதா? எங்களுக்குப் பழகிட்டு" என்றார் உப்பு சுமந்து போன ஓர் அக்கா. காலில் பழைய சாக்ஸ், குதிகாலில் பெரிய ஓட்டை. அந்த ஓட்டை வழியாகத் தெரிந்த வெடிப்பைத்தான் ஊர் திரும்பும் வரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஐப்பசி மழை இறங்கினால் பாத்தி மூழ்கிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் வேலை இல்லை. அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய்.

இதையெல்லாம் 140 சொல்லில் ஒரு பத்தியாக்கினேன். "நெகட்டிவா இருக்கு சார்" என்று தூக்கிவிட்டார்கள். பில்லில் 210 ரூபாய் குறைந்தது. நான் எழுதியதிலேயே உருப்படியான பத்தி அதுதான். நம் தொழிலில் சொல்லுக்குக் காசு உண்டு, பார்த்ததற்கும் படித்ததற்கும் கிடையாது. ஆனால் அவை இல்லாமல் எழுதினால் "அது ஓர் உணர்வு" என்றுதான் வரும்.

படித்தவற்றைச் சொல்கிறேன். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. 1979-இல் வந்த நாவல், தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. யாரைப் பற்றி எழுதப்போகிறாரோ அந்த மக்களிடையே போய்த் தங்கி, பார்த்து எழுதியவர் அவர். சில இடங்களில் கதையை விவரம் முந்திக்கொண்டு போகும். எனக்கு அதில் புகார் இல்லை, கன்டென்ட் எழுதுகிறவர்கள் அந்த விவரத்துக்காகவே படிக்கலாம். அவர் இருக்கும்போதே, 2009-இல், நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. அதனால் காசில்லை என்ற சாக்கும் செல்லாது.

அகநானூற்றில் 140-ஆம் பாட்டு, அம்மூவனார் எழுதியது. உப்பு வணிகரான உமணர் வீட்டுப் பெண் வளை ஒலிக்கக் கையை வீசித் தெருவில் உப்புக் கூவுகிறாள், நெல்லுக்குச் சரிக்குச் சரி உப்பு என்று. பழகாத குரலைக் கேட்டு ஒரு வீட்டு நாய் குரைக்கிறது, அவள் மிரளுகிறாள். அந்த நாயை உள்ளே விட்டாரே, அதுதான் எழுத்து! இதே பாட்டில் வரும் "உழாஅது செய்த வெண்கல் உப்பு" என்பதைப் பாக்கெட் வாசகத்தில் சேர்த்தேன். "சூப்பர் லைன் சார், எப்படி யோசிச்சீங்க?" என்றார் தம்பி. உண்மையைச் சொன்னேன். அந்த நாலு சொல்லுக்குப் பில் போடவில்லை.

மூன்றாவது, பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்'. அதில் உப்பைப் பற்றிச் சில பக்கங்கள்தான், ஆனால் ஒரே மூச்சில் அடுப்படியிலிருந்து சரித்திரத்துக்குப் போய்விடுவார். சம்பா நெல்லும் அளத்து உப்பும் கூலியாகக் கொடுத்ததால் வந்த சொல்தான் 'சம்பளம்' என்கிறார். வடமொழியிலிருந்து வந்தது என்போரும் உண்டு, அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.

பில் அனுப்பி நாற்பத்தைந்து நாள் ஆகிறது. நேற்று கூரியரில் ஒரு பெட்டி வந்தது. 'நன்றியுடன்' என்று ஒரு கார்டு, உள்ளே ஆறு கிலோ உப்பு. அளம் வந்து சேர்ந்துவிட்டது, சம்பாவைத்தான் இன்னும் காணோம்.