வேலை போனதை மூன்று மாதம் மறைத்தேன்

போன வருடம் என் வேலை போனது. மொத்தம் 17 வருட அனுபவம், அதில் கடைசி 9 வருடம் ஒரே நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில். காலையில் மேனேஜரும் ஹெச்.ஆரும் கூப்பிட்டுப் பேசினார்கள், உங்கள் பணியிடத்தை எடுத்துவிட்டோம் என்றார்கள், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தால் கம்ப்யூட்டர் என் பாஸ்வேர்டை ஏற்க மறுத்தது. அவர்கள் பேசியதில் பாதி மறந்துவிட்டது, அந்தத் திரை மட்டும் மறக்கவில்லை.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், கடந்த இரண்டு மாதத்தில் எனக்குத் தெரிந்த மூன்று பேருக்கு வேலை போயிருக்கிறது. மூவரும் 40 தாண்டியவர்கள். விஷயத்தைச் சொன்ன கையோடு மூவரும் சொன்னது ஒன்றுதான்: "யார்கிட்டயும் சொல்லிடாத." நானும் அப்படித்தான் இருந்தேன். கணவரைத் தவிர மூன்று மாதம் யாருக்கும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதமும் வீணாய்ப் போனது என்று இன்று எனக்கு உறுதியாகத் தெரியும், அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். 2022 நவம்பரில் மெட்டா 11,000 பேரை வேலையிலிருந்து எடுப்பதாக அறிவித்தது, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரை. அத்தனை பேருக்கும் ஒரே வாரத்தில் வேலை தெரியாமல் போய்விடவில்லை. பட்ஜெட் தாளில் ஒரு வரியை அடிக்கும்போது அந்த வரியில் யார் இருக்கிறாரோ அவர் போகிறார், சில சமயம் நன்றாக வேலை செய்து சம்பளம் ஏறியவர்தான் முதலில் கண்ணில் படுகிறார். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் இரவில் படுத்தால் "எல்லாரையும் எடுக்கலையே, உன்னை மட்டும் ஏன்" என்று மனசு கேட்டுக்கொண்டே இருக்கும். முடிவெடுத்தவர்களில் பலர் என்னை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. அவர்கள் எடுத்த முடிவை வைத்து என் தகுதியை நானே எடைபோட்டுக்கொண்டிருந்தேன்.

மறைப்பதற்கே நிறைய உழைக்க வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் செய்வார், "ஆபீஸ் எப்படிம்மா போகுது" என்பார், எப்போதோ நடந்த மீட்டிங்கை நேற்று நடந்தது போலச் சொல்வேன். பழைய சகாக்கள் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். நாலு பேர் கூடுகிற இடத்துக்குப் போவதையே நிறுத்தினேன், யாராவது "இப்ப எங்க இருக்கீங்க" என்று கேட்டுவிட்டால்? பகல் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வேலைத் தளங்களில் விண்ணப்பம் போட்டேன். குறித்து வைத்த தாள் இன்னும் இருக்கிறது: 143 விண்ணப்பம், ஆறு பதில், இரண்டு இன்டர்வியூ. இரண்டும் முதல் சுற்றோடு நின்றன.

மூன்றாவது மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொய் சொல்ல முடியாமல் போனது. "அப்பா, எனக்கு வேலை போயிடுச்சு." எப்போ என்றார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அப்ப இந்த மூணு மாசமா ஞாயித்துக்கிழமை நான் யார்கிட்டம்மா பேசிட்டு இருந்தேன்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. மறுநாள் காலையில் போனை எடுத்துத் தொடர்புப் பட்டியலை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973இல் வெளியிட்ட ஆய்வை எனக்கு ஒரு தோழி பிறகுதான் காட்டினாள், முன்பே படித்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அமெரிக்காவில் ஒரு புறநகரில், அப்போதுதான் வேலை மாறியிருந்த தொழில்நுட்ப, நிர்வாகப் பணியாளர்களிடம் கேட்டிருக்கிறார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்ப்பேன் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பேன் என்றவர்கள் 55.6. வருடத்துக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ என்றவர்கள் 27.8. நெருங்கிய நண்பர்களுக்கு அக்கறை அதிகம்தான், ஆனால் அவர்களும் நாம் புழங்குகிற அதே வட்டத்தில் புழங்குகிறவர்கள், நமக்குத் தெரியாத வேலை அவர்களுக்கும் தெரியாது. பாதிப் பழக்கம் உள்ளவர்கள் வேறு உலகத்தில் இருக்கிறார்கள், அங்கே காலியாகும் இடம் அவர்கள் காதில்தான் விழும். லிங்க்ட்இன் தளத்தில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்விலும் ஏறக்குறைய இதுதான் வந்தது, ரொம்ப நெருக்கமும் இல்லாமல் முற்றிலும் அந்நியமும் இல்லாமல் நடுவில் இருப்பவர்களால்தான் அதிகம் வேலை மாற்றம் நடந்திருக்கிறது.

மறைக்கிறவர்கள் தவறவிடுவது சரியாக இந்த ஆட்களைத்தான். நெருங்கியவர்களுக்கு எப்படியும் ஒரு நாள் தெரிந்துவிடும். எட்டு வருடம் முன்பு கூட வேலை செய்தவருக்கு நாம் சொன்னால் ஒழியத் தெரியவே தெரியாது.

எனக்கு வழிகாட்டியவர் யார் தெரியுமா? ஒரு காலத்தில் சப்ளையர் தரப்பில் உட்கார்ந்து என்னோடு விலைக்கு மல்லுக்கட்டியவர். ஒவ்வொரு ஒப்பந்தப் புதுப்பிப்புக்கும் அவரோடு வாரக்கணக்கில் சண்டை. ஆறு வருடமாகப் பேசவே இல்லை. அவருக்குச் செய்தி அனுப்பலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். "என் பணியிடம் நீக்கப்பட்டுவிட்டது. கொள்முதல், சப்ளையர் ஒப்பந்தம் சார்ந்த வேலை தேடுகிறேன். உடனே சேர முடியும். உங்கள் காதில் ஏதாவது விழுந்தால் சொல்லுங்கள்." இவ்வளவுதான் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் கூப்பிட்டார். "உங்களை மாதிரி விலை குறைக்கிற ஆளத்தான் எங்க கம்பெனியில தேடிட்டு இருக்காங்க" என்றார். இன்டர்வியூ நாலு சுற்று நடந்தது, அது ஒன்றும் சுலபமாக இல்லை, ஆனால் உள்ளே போகும்போதே என் வேலையைப் பற்றி ஒருவர் சொல்லியிருந்தார். 143 விண்ணப்பத்தில் எனக்குக் கிடைக்காதது அதுதான்.

அந்தச் செய்தியின் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். "எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று எழுதினால் படிப்பவருக்குப் பாரமாகிவிடும், முடியாதபோது பதில் போடவே சங்கடப்படுவார். "காதில் விழுந்தால் சொல்லுங்கள்" என்பதை யாரும் செய்ய முடியும். என்ன வேலை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். "எதுவானாலும் பரவாயில்லை" என்று எழுதினால் கேட்பவருக்கு உங்களை எங்கே பொருத்துவது என்று தெரியாது, 17 வருட அனுபவக்காரரை எதற்கென்று சிபாரிசு செய்வார்?

கொஞ்சம் ஆறட்டும், மனசு சரியானதும் ஆரம்பிக்கலாம் என்கிறவர்களுக்கு ஒன்று. 2013இல் வெளியான ஒரு ஆய்வில், அமெரிக்காவின் 100 பெரிய நகரங்களில் ஏறத்தாழ 3,000 வேலைகளுக்கு 12,000 கற்பனை ரெஸ்யூமேக்களை அனுப்பிப் பார்த்தார்கள். வேலையில்லாத காலம் கூடக்கூட இன்டர்வியூ அழைப்பு குறைந்தது, அந்தச் சரிவில் பெரும்பகுதி முதல் எட்டு மாதத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. இது நியாயமே இல்லை, ஆள் அதே ஆள்தானே. ஆனால் நிலவரம் அப்படி இருக்கிறது, மறைத்துக் கழிக்கிற ஒவ்வொரு மாதமும் இந்தக் கணக்கில்தான் சேர்கிறது.

இன்னொன்று, கோபம். எனக்கு அது பயங்கரமாக இருந்தது, அந்த இரண்டு இன்டர்வியூவிலும் "ஏன் வெளியே வந்தீர்கள்" என்ற கேள்விக்குப் பத்து நிமிடம் பழைய நிறுவனத்தின் கதையைச் சொன்னேன். எதிரில் இருந்தவரின் முகம் மாறுவது தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. 1994இல் ஸ்பெரா, பென்னபேக்கர் முதலிய உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலை இழந்த பணியாளர்களில் ஒரு பிரிவினரை, அந்த இழப்பைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம் எழுத வைத்தார்கள். எழுதியவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. அவர்கள் கூடுதலாக ஒன்றும் தேடவில்லை, விண்ணப்பமும் முயற்சியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கோபத்தைக் காகிதத்தில் இறக்கிவிட்டுப் போனதால் இன்டர்வியூவில் அது வெளியே வரவில்லை என்பதுதான் ஆய்வாளர்களின் விளக்கம். நானும் எழுதினேன், எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அதன்பிறகு அந்தக் கேள்விக்கு என் பதில் இரண்டே வாக்கியம்: "நிறுவனம் பிரிவுகளை மாற்றியமைத்தபோது என் பணியிடம் நீக்கப்பட்டது. அங்கே கடைசியாக நான் செய்த வேலை இது" என்று சொல்லி நேரே வேலைக்கு வந்துவிடுவேன்.

சம்பளத்தைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதிய வேலையில் எனக்குச் சம்பளம் குறைவு, ஆறில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்துவிட்டு ஆட்குறைப்பில் வெளியேறுகிறவர்களுக்கு இது பரவலாக நடப்பதுதான். பென்சில்வேனியாவில் அப்படி வெளியேறியவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து 1993இல் வெளியான ஆய்வில், வருடங்கள் கழித்தும் வருமானம் சுமார் 25 சதவீதம் குறைவாகவே இருந்தது தெரிந்தது. அந்தந்த நிறுவனத்துக்கு மட்டுமே பயன்படுகிற அறிவு, அங்கே சேர்ந்த மூப்பு, இதெல்லாம் கூட வருவதில்லை. முதலில் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மிகவும் வலித்தது. நாங்கள் இருவரும் உட்கார்ந்து வீட்டுச் செலவைத் திருத்தினோம், கையில் இருப்பது எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு எழுதினோம். அந்த எண் கண்முன் இருந்ததால்தான் பயத்தில் வந்த முதல் வேலையைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க முடிந்தது. தொகையாக மட்டும் பார்த்திருந்தால் தூக்கம் வந்திருக்காது.

யாருக்காவது இன்றைக்கு வேலை போயிருந்தால்: நீட்டுகிற காகிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரம் கேளுங்கள். சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ், மருத்துவக் காப்பீடு எந்தத் தேதி வரை என்பது, இவற்றைக் கேட்டு வாங்குங்கள். நிறுவனத்தின் கோப்புகளைத் தொடவே தொடாதீர்கள். உங்களோடு வேலை செய்தவர்களின் சொந்த போன் எண்கள் உங்களிடம் இருக்கிறதா பாருங்கள், ஆபீஸ் மெயிலில் மட்டும் இருந்தால் அன்றோடு போய்விடும். என்னுடையவை அப்படித்தான் பாதி போயின.

அந்த மூன்று பேரில் ஒருவர் நேற்று சொல்லத் தொடங்கியிருக்கிறார், முதல் ஆளாகத் தன் பழைய மேனேஜருக்குச் செய்தி அனுப்பினாராம். மற்ற இருவரும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும்.

கொள்முதல், சப்ளை செயின் பக்கம் வேலை தேடுகிறவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். நமக்குள் பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. என்ன வேலை, எத்தனை வருட அனுபவம், எப்போது சேர முடியும், மூன்று வரி போதும். என் காதில் விழுவதை நானும் சொல்கிறேன்.