நூறு மீட்டருக்கு எத்தனை கதவு?

பழைய கடைத்தெருவைப் புதுப்பிக்கப்போகிறோம் என்று எந்த ஊரில் அறிவித்தாலும் முதலில் வந்து நிற்பது ஒரு கணினிப் படம். பார்த்திருப்பீர்கள். கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் மரம், பழைய பாணி விளக்குக் கம்பம், பலூன் பிடித்த குழந்தை, சைக்கிளில் ஒரு பெண், கைகோத்து நடக்கும் ஒரு ஜோடி. வானம் எப்போதும் நீலம்.

அந்தப் படத்தில் யார் தலையிலும் மூட்டை இருக்காது. தள்ளுவண்டி இருக்காது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் இருக்கமாட்டார். சரக்கு விற்பதற்காகவே பிறந்த தெரு. அதன் படத்தில் சரக்கைத் தவிர எல்லாம் இருக்கும்.

இந்தப் படங்கள்மேல் எனக்குத் தீராத கடுப்பு உண்டு. அதே அளவு கடுப்பு, "ஒரு செங்கல்லைக்கூடத் தொடாதே" என்று கிளம்புகிறவர்கள்மேலும் உண்டு. இரண்டு கட்சியும் சண்டை போடுவது முகப்பைப் பற்றித்தான். தெருவின் குணம் முகப்பில் இல்லை என்பது என் கட்சி. அது கதவில் இருக்கிறது.

எந்த ஊரில் நடந்தாலும் கதவு எண்ணுவது என்னுடைய கெட்ட பழக்கம். கூட வருகிறவர்கள் திட்டுவார்கள். ஆனால் டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் இந்த வேலையை முறைப்படியே செய்தவர். 100 மீட்டர் நீளத்தில் 15 முதல் 20 கதவு இருக்கும் தெருவை அவர் முதல் தரத்தில் வைக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரண நடையில் நாலைந்து நொடிக்கு ஒரு கதவு. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு முகம், ஒரு வாசனை, ஒரு பேரம். பேரங்காடியின் 100 மீட்டர்க் கண்ணாடிச் சுவரை ஒட்டி நடந்தால் அதே தூரம் ஏன் இவ்வளவு நீளம் என்று கால் கேட்கும்.

பழைய சந்தை ஊர்களில் இந்தக் கதவு நெருக்கம் அழகுக்காக வந்ததல்ல. சந்தையைப் பார்த்த முகப்புதான் காசு. அதில் ஒரு துண்டாவது தனக்கு வேண்டும் என்று எல்லாரும் முண்டியடித்ததில் மனை குறுகலாகவும் நீளமாகவும் அமைந்தது. இடைக்கால ஐரோப்பியச் சந்தை ஊர்களிலும் அப்படித்தான், மலேசியாவில் பினாங்கு ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளிலும் அப்படித்தான். முன்னால் ஒடுக்கமான கடை, உள்ளே வெளிச்சத்துக்கு ஒரு திறந்த முற்றம், பின்னால் கிட்டங்கி, மேலே குடும்பம். சிங்கப்பூருக்கு 1822இல் பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் கொடுத்த திட்டத்தில் கடை முன்னால் கூரையோடு கூடிய நடைபாதை விட வேண்டும் என்று உத்தரவே போட்டார். அங்கே தமிழர் வாயில் அது "அஞ்சடி". ஒரு சட்ட விதி மழைக்கு ஒதுங்கும் இடமாகி, பிறகு பேச்சுச் சொல்லாகவும் ஆகிவிட்டது. எந்த விளக்குக் கம்பத்துக்கும் இந்தப் பாக்கியம் கிடைத்ததில்லை.

"தொடாதே" கட்சிக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் லட்லோ என்றொரு பழைய சந்தை ஊர். அதன் நடுவில் இருக்கும் ஒடுக்கமான சந்துகளைப் பார்த்து எல்லாரும் மயங்குவார்கள். அந்த இடம் ஒரு காலத்தில் அகலமான சந்தைத் திடல். தற்காலிகமாகப் போட்ட கடைகள் மெல்ல மெல்ல வரிசையாக நிலைத்து, சுவர் எழும்பி, மாடி ஏறின. அதாவது இன்று பாதுகாக்கிற மரபுச் சின்னம் அன்றைய ஆக்கிரமிப்பு! உயிரோடு இருந்த எந்தச் சந்தையும் சும்மா இருந்ததில்லை. எந்த ஆண்டின் நிலையில் தெருவை உறைய வைக்கப்போகிறோம் என்று கேட்டால் இவர்களிடம் பதில் கிடையாது.

இடிக்கிற கட்சிக்குப் பாடம் பாரிஸில் இருக்கிறது. நகரத்துக்கே சோறு போட்ட லே ஆல் மொத்தச் சந்தை 1969இல் தெற்கே ரன்ஜிஸுக்குப் போனது. நெரிசலைப் பார்த்தால் போனதில் தப்பில்லை. ஆனால் கட்டடக் கலைஞர் பால்தார் கட்டிய இரும்புக் கூடங்களை 1971 முதல் பிரித்துப் போட்டார்கள். ஒன்றை மட்டும் வேறு ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நகரத்தின் நடுவில் பல ஆண்டுகள் ஒரு பெரிய பள்ளம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. 1979இல் அங்கே நிலத்தடி வணிக வளாகம் வந்தது. அது யாருக்கும் பிடிக்காமல், மேல்பகுதியை மறுபடி மாற்றி 2016இல் புதுக் கூரை போட்டார்கள்.

லண்டன் கோவென்ட் கார்டன் கதை இதற்கு நேரெதிர். காய்கறிச் சந்தை 1974இல் வெளியேறியது. சுற்று வட்டாரத்தையே இடித்துச் சாலை போடும் திட்டம் தயாராக இருந்தது. அங்கே குடியிருந்தவர்கள் விடாமல் போராடினார்கள். கட்டடங்கள் தப்பின, 1980இல் சந்தைக் கூடம் சின்னக் கடைகளோடு திறந்தது. நல்ல முடிவுதான். ஆனாலும் இன்று அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாப் பயணிகள். கட்டடத்தைக் காப்பாற்றுவது ஒரு வேலை, கடையைக் காப்பாற்றுவது இன்னொரு வேலை. முதலாவதைச் செய்துவிட்டால் இரண்டாவது தானாக நடக்காது.

எனக்குப் பிடித்த உதாரணம் இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஊரின் பீஸ் ஹால். கைத்தறி நெசவாளர்கள் தாங்கள் நெய்த துணியை விற்பதற்காக 1779 ஜனவரி 1ஆம் தேதி திறந்தது. 'பீஸ்' என்றால் 30 கஜம் நீளமுள்ள ஒரு துணி. பெரிய முற்றம், அதைச் சுற்றித் தூண் வரிசை, அதன் பின்னால் 315 சின்ன அறைகள். விசைத்தறி வந்ததும் கைத்தறி படுத்தது. கட்டடம் படுக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காய்கனி மொத்தச் சந்தையாகி அப்படியே நூறு ஆண்டு ஓடியது. 1970களின் தொடக்கத்தில் இடிப்பதா வேண்டாமா என்று வந்தபோது நகர மன்றத்தில் ஒரே ஒரு வாக்கில் தப்பியது என்று சொல்வார்கள். பெரிய பழுதுபார்ப்புக்குப் பிறகு 2017இல் மறுபடி திறந்தது. துணி போய்க் காய் வந்தது, காய் போய் வேறு கடைகள் வந்தன. எல்லாரையும் உள்ளே விட்டது அந்த 315 கதவு. ஒரே கூடமாகக் கட்டியிருந்தால் நெசவோடு அதன் கதையும் முடிந்திருக்கும்.

இப்போது புதுப்பிப்பு என்ற பெயரில் நடப்பதைப் பாருங்கள். அடுத்தடுத்த ஐந்து கடையை ஒருவரே வாங்குவார். முகப்பை அப்படியே வைக்க வேண்டும் என்பது விதி, வைப்பார். பின்னால் இருந்த நாலு நடுச்சுவரும் போய்விடும். உள்ளே ஒரே கடை. வெளியே ஐந்து கதவுக்கும் அழகாக வண்ணம் பூசி, பித்தளைக் குமிழ் வைத்து, நாலை நிரந்தரமாகப் பூட்டி, கண்ணாடிக்குப் பின்னால் விளம்பர ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். கோப்பில் மரபு காப்பாற்றப்பட்டது. தெருவில் நாலு கல்லாப்பெட்டி குறைந்தது.

அடுத்தது வாடகை. இதைப் பேசாமல் மற்றதையெல்லாம் பேசுவது வீண். தெருவைப் பொதுப் பணத்தில் அழகாக்குகிறோம். அழகான தெருவில் வாடகை ஏறும். ஏறிய வாடகை யார் பைக்குப் போகிறது? கட்டடக்காரர் பைக்கு. யார் தலையில் விழுகிறது? அந்தத் தெருவுக்குக் குணம் கொடுத்தவர் தலையில். சாவி செய்பவர், கடிகாரம் பழுதுபார்ப்பவர், நூலும் பொத்தானும் விற்பவர் — ஒரு நாளில் நாலு பேர் வந்தாலும் ஓட்டிவிடக்கூடிய கடைகள் இவை. இரட்டிப்பு வாடகையில் ஓடாது. ஜார்ஜ் டவுனில் இது வெட்டவெளிச்சமாக நடந்தது. பழைய கடைவீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு முடிந்தது. வாடகை எகிறியது, தலைமுறையாக இருந்த குடும்பங்கள் வெளியேறின. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஊர் இடம்பிடித்தது. அதன்பிறகு எத்தனையோ கடைவீடுகள் சொகுசு விடுதியாகவும் காபிக்கடையாகவும் மாறின. கட்டுப்பாடு இருந்த காலத்தில் சொற்ப வாடகைக்காகக் கட்டடத்தைப் பராமரிக்காமல் விட்டார்கள் என்பதும் உண்மைதான். அதற்காக ஒரே நாளில் மடையைத் திறந்துவிடுவதா?

இத்தாலியின் பொலோனியா இதை வேறு மாதிரி யோசித்தது. 1969இல் பழைய நகரத்துக்கென்றே ஒரு திட்டம் போட்டார்கள். 1973இல், பொது வீட்டுவசதிக்கு ஒதுக்கிய பணத்தை ஊருக்கு வெளியே அடுக்குமாடி கட்டச் செலவழிக்காமல் பழைய வீடுகளைச் சீர்ப்படுத்தச் செலவழிப்பது என்று முடிவெடுத்தார்கள். அதன் மூளை செர்வெல்லாட்டி என்ற கட்டடக் கலைஞர். கட்டடத்தைப் பாதுகாப்பதென்றால் அதில் இருக்கிற ஆளையும் சேர்த்துப் பாதுகாப்பது என்பதுதான் அடிப்படை. முதலில் வீடுகளை அரசே எடுத்துக்கொள்வதாக இருந்தது. சின்னச் சின்ன உரிமையாளர்கள் கொதித்துப்போனார்கள். பிறகு ஒப்பந்தமாக மாற்றினார்கள்: சீர்ப்படுத்த நாங்கள் பணம் தருகிறோம், நீ வாடகையை ஏற்றாதே, இருக்கிறவரை வெளியேற்றாதே. அது முழு வெற்றி என்று நான் சொல்லவில்லை. ஆனால் பொதுப் பணம் கொடுக்கும்போது பதிலுக்கு ஒரு கையெழுத்துக் கேட்பதில் என்ன தயக்கம் என்பதுதான் எனக்குப் புரியாதது.

வாகனம் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. ஸ்பெயினின் பொன்டெவெத்ரா 1999 முதல் நகர மையத்தில் காரை ஒடுக்கியது. சரக்கு வண்டிக்கு மட்டும் வழி விட்டது. அதோடு பெரிய வணிக வளாகத்துக்கு அனுமதி தராமல் இருந்தது. இந்த இரண்டாவது பாதியை யாரும் காப்பியடிப்பதில்லை. தெருவுக்குள் வண்டி வருவதைத் தடுத்துவிட்டு, ஊருக்கு வெளியே ஆயிரம் கார் நிற்கும் வளாகத்துக்குக் கையெழுத்துப் போட்டால், நடைபாதை நடக்க ஆளில்லாத பாதையாகிவிடும்.

நான் உண்மையில் எழுத உட்கார்ந்தது மாடிப்படி பற்றி.

பழைய கடைத்தெருவில் நின்று அண்ணாந்து பாருங்கள். கீழே பளபளக்கும் கடை. மேலே உடைந்த கண்ணாடி, புறா எச்சம், சுவர் வெடிப்பில் முளைத்த செடி. மாடி ஏன் காலி? பல இடங்களில் காரணம் அபத்தமானது: மேலே போக வழியே இல்லை. தெருவிலிருந்து மாடிக்குத் தனியாக ஒரு கதவு இருந்திருக்கும். மூன்றடி அகலம். எப்போதோ ஒரு கடைக்காரர் காட்சிக் கண்ணாடியை அகலமாக்க அந்த மூன்றடியையும் உள்ளே இழுத்துக்கொண்டார். அன்று அவருக்கு லாபம். அதற்குப் பிறகு மாடியில் குடியிருக்க வேண்டுமென்றால் கடைக்குள் புகுந்து, கல்லாவைத் தாண்டி, பின்கட்டு வழியாக ஏற வேண்டும். யார் வருவார்? மாடி முதலில் சரக்கறையானது, பிறகு குப்பையறையானது. கூரை ஒழுகுவதைப் பார்க்க ஆளில்லை. ஈரம் இறங்கி, உத்தரம் உளுத்து, கடைசியில் கீழே இருக்கும் கடையும் "பழுதடைந்த கட்டடம்" ஆனது.

சிலர் இந்த இடத்தில் கொத்தனாரை அழைத்துச் சிமெண்ட் பூசுவார்கள். அது இன்னும் மோசம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். சுவரில் உப்புப் பூக்கும். கொஞ்ச நாளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும், போகும்போது செங்கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு போகும். பழைய கட்டடம் பாழாவதற்குச் சட்டமும் ஒத்தாசை செய்கிறது. பிரிட்டனில் புதிதாக வீடு கட்டினால் மதிப்புக் கூட்டு வரி பூஜ்யம். இருக்கிற வீட்டைப் பழுதுபார்த்தால் பொதுவாக 20 சதவீதம். மரபைக் காப்பாற்று என்று ஒரு கையால் பலகை நட்டுவிட்டு, மறு கையால் அபராதம் வசூலிக்கிற மாதிரிதான் இது.

அதே பிரிட்டனில் 1980களின் கடைசியில் கடைக்கு மேலே குடிவைக்க ஒரு முயற்சி நடந்தது. உரிமையாளர்கள் பயந்தது குடிவருகிறவர் பிறகு காலி செய்யமாட்டார் என்று. அதனால் மாடியை ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்கு வணிகக் குத்தகைக்குக் கொடுப்பது, சங்கம் அதைக் குடித்தனக்காரருக்கு விடுவது என்று வழி கண்டுபிடித்தார்கள். பளிச்சென்ற யோசனை இல்லை. படம் போட முடியாது. ஆனால் இரவு எட்டு மணிக்குக் கடை அடைத்த பிறகும் தெருவில் ஒரு ஜன்னலில் விளக்கு எரியும்.

அமெரிக்காவில் 1977இல் மூன்று சின்ன ஊர்களில் கடைத்தெருவை மீட்கும் சோதனை தொடங்கியபோது முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஒவ்வொரு ஊருக்கும் முழுநேர ஆள் ஒருவரை வைத்தது. எந்த மாடி காலி, எந்தக் குத்தகை எப்போது முடிகிறது, எந்த வாரிசுகளுக்குள் வழக்கு — இவையெல்லாம் தெரிந்த ஒருவர் பத்து விளக்குக் கம்பத்துக்குச் சமம். எதற்கும் பத்து என்று குறைத்துச் சொல்கிறேன்.

வடிவமைப்பாளர் நண்பர் ஒருவர் கொஞ்ச நாள் முன்பு ஒரு தெருவின் வரைபடத்தைப் பெருமையாக விரித்துக் காட்டினார். வழக்கம்போல "நூறு மீட்டருக்கு எத்தனை கதவு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே பென்சில் முனையால் எண்ணினார். ஆறு. இப்போது இருக்கிற நிலையைக் காட்டும் அளவீட்டுத் தாளை எடுக்கச் சொன்னேன். பதினெட்டு. "பெரிய கடையாக இருந்தால்தான் வாடகைக்கு எடுக்க ஆள் வரும்" என்றார். அரை மணி நேரம் சண்டை. தீயணைப்பு விதி, கழிவறை, சரக்கு இறக்க இடம் என்று அவர் பக்கமும் நியாயம் இருந்தது; சிலவற்றுக்கு என்னிடம் பதில் இல்லை. கிளம்பும்போது அளவீட்டுத் தாளில் இரண்டு கடைக்கு நடுவே இருந்த ஒரு மெல்லிய கோட்டைத் தொட்டு, "இது என்ன, அச்சுப் பிழையா?" என்று கேட்டார்.

"மாடிக்குப் போற கதவு" என்றேன். புதுத் தாளில் அந்த இடம் வெறும் கண்ணாடி. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பென்சிலால் லேசாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்தார்.