அகச்சிவப்பு மட்டும் போதாது
அகச்சிவப்பு நிறமாலை, அதாவது எந்தெந்த அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற பதிவு, எடுத்தால் புரதத்தின் முழு வடிவமும் தெரிந்துவிடும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், அது கொஞ்சம் அதிகம். எந்த அணு எங்கே இருக்கிறது என்பதை அது சொல்லாது, அதற்கு எக்ஸ்-கதிர் படிகவியல், என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) போன்ற முறைகள்தான் வேண்டும். அகச்சிவப்பு சொல்வது புரதச் சங்கிலியில் சுருளாகச் சுற்றிய பகுதி எவ்வளவு, தகடுபோல் பக்கம் பக்கமாக அடுக்கிய பகுதி எவ்வளவு என்பதைத்தான், அதுவும் தோராயமாக.

அமினோ அமிலங்களைச் சங்கிலியாகக் கோக்கும் பெப்டைடு பிணைப்பில் உள்ள கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு அதிர்வது 1600-1700 அலைஎண்ணுக்குள் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) விழும், அமைடு-1 பட்டை என்போம். ஆல்ஃபா சுருள் என்றால் உறிஞ்சலின் உச்சி 1650-ஐ ஒட்டி, பீட்டா தகடு என்றால் 1630 பக்கம் இறங்கிவிடும், காரணம் ஹைட்ரஜன் பிணைப்பின் அமைப்பு மாறுவது. எலியட், ஆம்ப்ரோஸ் என்ற ஆய்வாளர்கள் இதை 1950-லேயே கவனித்துவிட்டார்கள். முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கிக்கொண்டே பதிவு செய்து பாருங்கள், அது கெட்டியாகும்போது 1620 பக்கம் உச்சியின் ஓரத்தில் புதிதாக ஒரு தோள்போன்ற மேடு எழும்பும். பார்க்க அவ்வளவு அழகு!

கட்டுரையில் விட்டுப்போனது தண்ணீர். அதன் வளைவு அதிர்வும் சரியாக 1645-லேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் அந்த அதிர்வு வேறிடத்துக்கு விலகிவிடும் கனநீரில் (ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள தண்ணீர்) புரதத்தைக் கரைக்கிறோம், இல்லையென்றால் கரைசலைச் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்குள் அடக்கும் மாதிரிக் கலத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். அப்புறம் காற்றின் ஈரம் வேறு. அந்த ஈரத்தை விரட்டக் கருவிக்குள் செலுத்தும் நைட்ரஜன் ஓட்டம் குறைந்ததைக் கவனிக்காமல், நீராவியின் கூர்முனைகளைப் புரதத்தின் உச்சிகள் என்று நம்பி ஒரு வாரம் உட்கார்ந்து ஆராய்ந்த ஆள் நான்.