பேக்கப் இருப்பது வேறு, அது எழுந்து நிற்பது வேறு

திருநெல்வேலியில் நான் சர்வர் பார்த்துக்கொள்ளும் ஒரு கடையில் சர்வர் செத்துப்போய், பேக்கப்பிலிருந்து எழுப்பத் தாமதமானதைத் திட்டி வந்த அந்த வாய்ஸ் மெசேஜை இந்நேரம் உங்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். "பேக்கப் இருக்குன்னுதானல சொன்னான், அப்புறம் ஏன் ஆன் ஆகல? இவனுவளுக்கு ஒண்ணும் தெரியாது, மெட்ராஸ்லருந்து ஆளக் கூப்பிடு." இதுதான் அதன் சாரம். கடைப் பெயரையோ பேசியவர் பெயரையோ நான் எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களும் கமெண்டில் எழுத வேண்டாம்.

பேக்கப் இருந்தது. அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப எடுக்கும் ரீஸ்டோரும் முழுசாக முடிந்தது, ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை. ரீஸ்டோர் ஆன விஎம்தான் (சர்வருக்குள் தனி கம்ப்யூட்டர் போல ஓடும் விர்ச்சுவல் மிஷின்) பவர் ஆன் ஆகவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு என்பதைத்தான் அங்கே தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செத்துப்போன சர்வரில் விஎம்களை ஓட்டியது விஎம்வேரின் ஈஎஸ்எக்ஸ்ஐ 7. அவசரத்துக்கு அவர்கள் கொடுத்தது குடோனில் கிடந்த பழைய சர்வர், அதில் இருப்பது அதன் பழைய வெர்ஷனான 6.7. ஒரு விஎம் எந்தத் தலைமுறை ஈஎஸ்எக்ஸ்ஐக்கு ஆனது என்று காட்டும் எண்தான் ஹார்டுவேர் வெர்ஷன், இந்த விஎம்முக்கு அது 17. 6.7 ஏற்றுக்கொள்வது அதிகபட்சம் 15. அதனால் டேட்டா எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த ஹோஸ்ட், அதாவது விஎம்மைத் தாங்கும் சர்வர், அதைத் தொடாது. "ஹோஸ்டை 7-க்கு ஏற்றியிருக்கலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பழைய டிரைவர் முறையை 7-இல் எடுத்துவிட்டார்கள். அந்த சர்வரின் ஹார்டு டிஸ்க்குகளைச் சேர்த்து நடத்தும் ரெய்டு கார்டு அதில் தெரியவே தெரியாது.

சரி என்று குறைந்த வெர்ஷனில் புது விஎம் உருவாக்கி, பழைய விஎம்மின் டிஸ்க் ஃபைலான விஎம்டிகேவை அதில் மாட்டினேன். மறுபடி பவர் ஆன் ஃபெயில். நடந்ததைப் பதிந்து வைக்கும் லாகைத் திறந்தால், ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப் ஃபைல் உருவாக்க இடம் இல்லை என்கிறது. ஹோஸ்டின் ரேமைத் தனக்கென்று ரிசர்வ் செய்யாத விஎம்முக்கு, கொடுத்த ரேம் அளவுக்கு டேட்டாஸ்டோரில் (விஎம் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கில்) இடம் வேண்டும். 32 ஜிபி ரேம் கொடுத்த மிஷின், ரீஸ்டோர் போக மிச்சம் இருந்த இடமோ 20 ஜிபிகூட இல்லை. ரேமை 16 ஆகக் குறைத்ததும் எழுந்தது. எழுந்தும் விண்டோஸ் வரவில்லை. பழைய விஎம் ஈஎஃப்ஐயில் பூட் ஆனது, புதியது பயாஸில் இருந்தது; இரண்டும் மிஷின் தொடங்கும் வேறு வேறு முறைகள். அதையும் மாற்றி, புது நெட்வொர்க் கார்டுக்குப் பழைய ஐபியைப் போட்டு பில்லிங் ஓடியபோது கடை சாத்தும் நேரம்.

இதில் எதுவும் பேக்கப் சாஃப்ட்வேரின் பச்சை டிக்கில் தெரியாது. தெரியவே தெரியாது. ஒருமுறை எழுப்பிப் பார்த்திருந்தால்தான் தெரியும்.

"டெஸ்ட் பண்ண வேண்டியது உன் வேலைதானே" என்பார்கள். ஆமாம், என் வேலைதான். அதற்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டேன், ஒரு ஸ்பேர் சர்வர் கேட்டேன். "நல்லா ஓடுறத ஏன் தம்பி நோண்டுற?" என்றுதான் பதில் வந்தது. "கிளவுடுக்குப் போயிருக்கலாம்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, நேரமும் இல்லை. பிராட்காம் கம்பெனி வாங்கிய பிறகு விஎம்வேர் லைசென்ஸ் விலை எட்டாத இடத்துக்குப் போய்விட்டது, அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாறு என்கிறார்கள். அது நியாயம், நானே இரண்டு இடத்தில் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அங்கேயும் ரீஸ்டோர் செய்து எழுப்பிப் பார்க்காவிட்டால் இதே கதைதான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர் வடம் அடுத்தடுத்து அறுந்தபோது, "முன்னாலேயே இழுத்துப் பார்த்திருக்க வேண்டாமா" என்று ரதவீதி முழுக்கக் கேட்டது. அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஊர், சர்வருக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தாமிரபரணித் தண்ணீர். வண்ணார்பேட்டையில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஒரு அண்ணாச்சியின் சர்வர் கீழ்த்தளத்தில் மூழ்கிப் போனது. அவர் மட்டும்தான் அதற்கு முன்பு டெஸ்ட் ரீஸ்டோர் செய்ய என்னை விட்டிருந்தார். எந்த செட்டிங்கில் எழும் என்று பேப்பரில் எழுதி வைத்திருந்தோம். கரண்ட் வந்த அன்றைக்கே ஒரு சாதாரண டெஸ்க்டாப்பில் ஏற்றி பில் போட்டுவிட்டோம். மருந்து கேட்டு வாசலில் ஆள் நின்ற நேரம் அது. அன்றைக்கு என்னை யாரும் மெட்ராஸ் ஆளோடு ஒப்பிடவில்லை.

மெட்ராஸ் ஆள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் ரிமோட்டில் வந்தார். மரியாதையான மனிதர். நான் எடுத்து வைத்திருந்த லாகைப் படித்துவிட்டு, "அவர் செய்தது சரிதான் சார், வேற வழி இல்ல" என்று முதலாளியிடமே சொன்னார். அதை மட்டும் யாரும் வாய்ஸ் மெசேஜாகப் போடவில்லை. அவருக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. பாளையங்கோட்டையில் உட்கார்ந்து வேலை பார்த்தால் "இவனுவ". அதே ஊர்ப் பையன் ரயிலேறிப் போய்விட்டால் "சார்". இது எனக்கு வலிக்கிறது. மறைக்க விரும்பவில்லை.

என்னோடு வேலை செய்யும் பையன் அந்த மெசேஜைக் கேட்டதிலிருந்து அந்தக் கடைக்கு வரமாட்டேன் என்கிறான். இரவு முழுக்க என்னோடு தரையில் உட்கார்ந்திருந்தவன் அவன். அவனை வற்புறுத்த எனக்கு மனசில்லை.

இனி ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேப்பரில் ஒரு வரி சேர்க்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஓடுகிற சர்வரோடு ஐபி மோதாதபடி தனி நெட்வொர்க்கில் ரீஸ்டோர் செய்து, பவர் ஆன் செய்து, முந்தின நாளின் கடைசி பில்லை முதலாளியின் கண் முன்னால் திறந்து காட்டுவேன். அதற்கு அரை நாள் தர வேண்டும், மாற்று ஹோஸ்டும் தர வேண்டும். சம்மதம் என்றால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மெசேஜ் அனுப்பியவருக்கும் இதே வரிதான்.