டிவிஎஸ்: முதலில் போல்ட்டு, அப்புறம்தான் வண்டி

டிவிஎஸ் வளர்ச்சி என்று பேச்சு எடுத்தாலே நம்மாட்கள் அப்பாச்சி பைக், ரேசிங், 2020-இல் பிரிட்டிஷ் பைக் கம்பெனி நார்ட்டனை வாங்கியது என்று போய்விடுகிறார்கள். அதெல்லாம் மேல்பூச்சு. அஸ்திவாரம் பிரேக்கும் போல்ட்டும்.

மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொழிலில் இறங்கியது 1911-இல். ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்தது 1980-இல். இடையில் கிட்டத்தட்ட 70 வருஷம். பஸ் ஓட்டினார்கள், ஜெனரல் மோட்டார்ஸ் வண்டி விற்றார்கள், ஸ்பேர் விற்றார்கள். இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த 60-களில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று வரிசையாகப் பாகங்கள் செய்யும் கம்பெனிகள். வண்டி யார் விற்றாலும் பாகத்துக்குக் காசு வந்தது. அந்தத் தெம்பில்தான் மொபெட்டில் கை வைத்தார்கள்.

மொபெட்டைக் கேலி பேசுகிறவர்கள் அதன் கிளட்சைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கியர் கிடையாது. எஞ்சின் வேகம் ஏற ஏற உள்ளே சுழலும் ஷூ விரிந்து, சுற்றியிருக்கும் டிரம்மைப் பிடிக்கும், அவ்வளவுதான். மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. ஷூ வழுக்கிச் சூடேறி, முகம் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். பழி என்னவோ எஞ்சின் மேல் விழும்! டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு, அதனால் பழைய எக்ஸ்எல் மொபெட் 69.9 சிசியிலேயே இழுத்தது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அதே பாரத்தை இழுக்க எக்ஸ்எல் 100-க்கு 99.7 சிசி தேவைப்பட்டது. மற்ற கம்பெனிகள் மொபெட்டைக் கைவிட்டபோது இவர்கள் எஞ்சினை மாற்றினார்கள்.

ஜப்பானின் சுசூகியோடு போட்ட கூட்டைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். 1984-இல் வந்த ஏஎக்ஸ் 100 பைக் பெயர் வாங்கித் தந்தது, மறுக்கவில்லை. ஆனால் எஞ்சின் வரைபடம் வெளியாள் கையில் இருக்கும்வரை நாம் பூட்டி அனுப்புகிறவர்கள்தான். டூ-ஸ்ட்ரோக்கையே நம்பியிருந்ததில் ஃபோர்-ஸ்ட்ரோக் சந்தையை ஹீரோ ஹோண்டா அள்ளிக்கொண்டு போனது. 2001-இல் கூட்டு முறிந்தது, அதே வருஷம் சொந்த எஞ்சினோடு விக்டர் பைக், அடுத்த வருஷம் தரத்துக்கு ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு. அந்த முறிவு இல்லாவிட்டால் 2013-இல் பிஎம்டபிள்யூ இவர்களோடு கைகோத்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

எல்லாமே வெற்றியும் இல்லை. ஃப்ளேம் வண்டி 2007-இல் பஜாஜோடு காப்புரிமை வழக்கில் சிக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது, வண்டி எழுந்திருக்கவே இல்லை.

குடும்பச் சொத்தில் ஒன்றைப் பாராட்டியாக வேண்டும். ஒரு தாய்க் கம்பெனிக்குள் எல்லாக் கிளைகளுக்கும் பங்கு பின்னிக் கிடந்தது. யார் எதை நடத்துகிறார்களோ அது அவர்களுக்கே என்று 2022-இல் பிரித்துக்கொண்டார்கள். எத்தனையோ குடும்பங்கள் இதற்குத்தான் தலைமுறைக் கணக்கில் கோர்ட் ஏறுகின்றன.

இனி பார்க்க வேண்டியது இவர்களுடைய மின் ஸ்கூட்டர் ஐக்யூப். அதில் கிளட்சும் இல்லை, எஞ்சினும் இல்லை, விலையில் பெரும்பங்கு பேட்டரி. அதன் செல்லை இவர்களே செய்கிற நாள் வரும்வரை, சுசூகி காலத்து நிலைமைதான்.