மிலிட்டரிக்காரருக்கு ஒரு டிக்கெட்

போன செவ்வாய்க்கிழமை அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் டவுனுக்குப் போனேன். வழக்கமாக நான் ஊருக்குப் போனால் காரில் அழைத்துப் போய்விடுவேன். இந்த முறை கார் சர்வீஸில் இருந்தது. அதனால்தான் அவர்கள் மாதாமாதம் எப்படிப் போய் வருகிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து மனது ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 75 வயது. 1968-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். அந்தப் பிரிவுக்காரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் பழைய கூட்டாளி யாராவது போன் பண்ணினால் 'என்ன தம்பி' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பேசுகிற இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். 1971 டிசம்பர் பாகிஸ்தான் போரில் ஷகர்கட் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலையில் இருந்தவர். இடது காது அப்போதிலிருந்தே மந்தம். 1985-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். எங்கள் வேலூர், திருவண்ணாமலை பக்கத்துக் கிராமங்களில் இது அதிசயமான கதை ஒன்றும் இல்லை. கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு 'மிலிட்டரிக்காரர் வீடு' இருக்கும். எங்கள் தெருவிலேயே நான்கு.

சரி, பஸ்ஸுக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு வெள்ளை போர்டு பஸ்ஸில் டிக்கெட் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம். அந்தத் திட்டத்தை நான் மனதார ஆதரிக்கிறவன். என் அம்மா தன் அக்காவைப் பார்க்க யார் கையையும் எதிர்பார்க்காமல் போய்வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஆனால் எங்கள் ஊர் வழியாக வெள்ளை போர்டு பஸ் ஒரு நாளைக்குச் சில நடைதான். புறநகர்ப் பஸ் அரை மணிக்கு ஒன்று வரும். அதில் அம்மாவுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்றைக்குக் காலை ஏழே காலுக்கு ஸ்டாப்பில் நின்றோம். ஏழு இருபதுக்கு ஒரு புறநகர்ப் பஸ் வந்தது. உட்கார இடமும் இருந்தது. நான் ஏறப் போனேன். அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இரு, டவுன் பஸ் வரும்" என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் வேப்பமரத்தடியில் போய் நின்றார். அவர்களுக்கு இது பழக்கம் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மாவின் ஒரு டிக்கெட் காசு மிச்சம் ஆவதற்காக அப்பா முட்டிவலியோடு முக்கால் மணி நேரம் நிற்கிறார். அவரை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள், அவளை விட்டுவிட்டு இவர் போகமாட்டார். நான் டிக்கெட் எடுக்கிறேன் என்றால், "இன்னைக்கு நீ இருக்க, அடுத்த மாசம்?" என்கிறார் அம்மா.

எட்டு மணிக்கு டவுன் பஸ் வந்தது. நல்ல கூட்டம். கண்டக்டர் அம்மாவுக்குக் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்து "எங்க?" என்றார். அவர் நின்றது அப்பாவின் இடது பக்கம். கேட்கவில்லை. இரண்டாவது முறையும் கேட்கவில்லை. மூன்றாவது முறை அவர் கத்திக் கேட்டதில் பாதி பஸ் திரும்பிப் பார்த்தது. கண்டக்டரைக் குறை சொல்லமாட்டேன். எழுபது எண்பது பேருக்கு அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட வேண்டிய வேலை அது. அப்பா பதற்றத்தில் இருநூறு ரூபாய்த் தாளை நீட்ட, "சில்லறையா குடுங்க பெரியவரே" என்று அவர் சொல்ல, நான் கைநீட்டிக் கொடுத்து முடித்தேன். அப்பா அந்தச் சீட்டை நான்காக மடித்து வாட்ச் பட்டைக்குள் செருகிக்கொண்டார். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், டிக்கெட்டை அங்கேதான் வைப்பார். எல்லையில் சுருக்கமாகக் கட்டளைகளைக் கேட்டுப் பழகிய மனுஷன், ஒரு டிக்கெட்டுக்காகப் பத்து பேர் முன்னால் கூனிக் குறுகி நின்றதைப் பார்க்க எனக்கு நெஞ்சு அடைத்தது.

எதற்காக இந்தப் பயணம்? இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக். 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் அது. நல்ல திட்டம்தான், என் அப்பாவின் இதயத்தைக் காப்பாற்றியது அதுதான். ஆனால் அது நடக்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் பாலிகிளினிக் போக வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி தேவையென்றால் பெரும்பாலும் அங்கே ரெஃபரல் எழுதி வாங்க வேண்டும். அந்தச் சீட்டோடு பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அவர்கள் எழுதித் தந்த மாத்திரைக்குத் திரும்பவும் பாலிகிளினிக். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம். மிலிட்டரி கேன்டீன் போனால் அதுவும் டவுன். நவம்பர் வந்தால் ஆயுள் சான்று. பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஏதாவது பெயர்ப்பிழை என்றால் அதற்கு ஒரு நடை. முன்னாள் படைவீரர் நல அலுவலகமும் மாவட்டத் தலைநகரில்தான்.

நாடு அவருக்குக் கொடுத்தது எல்லாமே டவுனில் இருக்கிறது. அவர் இருப்பது கிராமத்தில். நடுவில் இருப்பது ஒரு பஸ். நான் கேட்பது அந்தப் பஸ்ஸில் இலவசப் பயணம் மட்டும்தான். மாலை, மரியாதை, மேடை எதுவும் வேண்டாம். ஏற்கெனவே கொடுத்ததைப் போய் வாங்கிக்கொள்ள வழி கொடுங்கள்.

இதைச் சொன்னதும் வரும் முதல் பதில் எனக்குத் தெரியும். 'அவங்களுக்குத்தான் பென்ஷன் இருக்கே, கேன்டீன் இருக்கே.' அப்படிச் சொல்கிறவர்களை எங்கள் தெருக் கோடி வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அங்கே இருக்கும் மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. 1962 சீனப் போருக்குப் பிறகு படையில் ஆள் எடுத்தபோது சேர்ந்தவர். 1965 போரைப் பார்த்தார். சேர்ந்த ஒன்பதாவது வருடம் வீட்டில் பெரியவர் இறந்துபோக, நிலத்தைப் பார்க்க ஆளில்லாமல் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருடம் முடித்திருக்க வேண்டும். பென்ஷன் இல்லாததால் மருத்துவ அட்டையும் இல்லை. தர்மாஸ்பத்திரிதான் கதி. அவருக்கு பஸ் காசு என்பது நிஜமான கணக்கு. மருந்து தீர்ந்தாலும் 'அடுத்த வாரம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப் போடுகிறார். அவர் தள்ளிப் போடுவது பஸ் காசுக்காக என்று அவர் வாயால் சொல்லமாட்டார். எங்களுக்குத் தெரியும்.

பென்ஷன் வாங்குகிறவர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. கர்னலாக ஓய்வு பெற்றவர் டவுன் பஸ்ஸுக்கு நிற்பதில்லை. சிப்பாயும் நாயக்கும் முப்பத்தைந்து, நாற்பது வயதில் வெளியே வந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வாட்ச்மேன் வேலை, ஏ.டி.எம். காவல், விவசாயம். பிள்ளைகளைப் படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து முடிக்கும்போது கையில் ஒன்றும் நிற்பதில்லை.

தமிழ்நாடு அரசு யாருக்கும் இலவச பஸ் பாஸ் கொடுக்காத அரசும் அல்ல. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு உண்டு. மொழிப்போர் தியாகிகளுக்கு உண்டு. அகவை முதிர்ந்த தமிழறிஞர்களுக்கு உண்டு. முன்னாள் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டு. சென்னையில் 2016-லிருந்து அறுபது வயது நிரம்பியவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 டோக்கன் தருகிறார்கள். இவர்கள் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். இத்தனை பேரை நினைத்த அரசுக்கு, மூட்டுவலியோடு வேப்பமரத்தடியில் நிற்கும் பழைய சிப்பாயும் நினைவுக்கு வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன். முன்னாள் படைவீரர்கள் தொழில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வரை கடன் தரும் 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 2025-ல் வந்தது. நாற்பது வயதில் திரும்பி வருகிறவருக்கு அது பெரிய உதவி. எழுபத்தைந்து வயதுக்காரர் என்ன தொழில் தொடங்குவார்? அவருக்கு பஸ் பாஸ்தான் காக்கும் கரம்.

ரயிலிலும் இதே கதை. பரம் வீர் சக்ரா, வீர் சக்ரா மாதிரி வீரப்பதக்கம் வாங்கியவர்களுக்கு ரயில்வே பாஸ் தருகிறது. போரில் இறந்தவர்களின் மனைவிமார்களுக்கு 75 சதவீதக் கட்டணச் சலுகை இருந்தது. ரொம்பச் சரி. பதக்கம் வாங்காமல், சாகாமல் திரும்பி வந்தவருக்கு? முதியோர் சலுகை 40 சதவீதம் இருந்தது. அப்பா அதில்தான் காட்பாடியிலிருந்து பெங்களூருக்குப் போய், பழைய 'தம்பி'களைப் பார்த்துவிட்டு வருவார். 2020 மார்ச்சில் கொரோனாவோடு அந்தச் சலுகையை நிறுத்தினார்கள். கொரோனா போய்விட்டது, சலுகை திரும்பவில்லை. அப்பாவும் அதற்கப்புறம் பெங்களூர் போகவில்லை.

வெளிநாட்டைப் பார்க்கச் சொல்வது எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். லண்டனில் போர்க்கால ஓய்வூதியமோ காயத்துக்கான இழப்பீடோ வாங்கும் முன்னாள் வீரர்களுக்குத் 'ஆய்ஸ்டர்' என்ற தனிப் பயண அட்டை தருகிறார்கள். பஸ், மெட்ரோ ரயில் எல்லாம் அதில் இலவசம். 2020-லிருந்து பிரிட்டனில் முன்னாள் படைவீரர்களுக்கென்று ஒரு ரயில் அட்டையும் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு கட்டணம் குறையும். அந்த நாட்டில் ஒரு நாள் சீருடையில் பணியாற்றியிருந்தாலே முன்னாள் படைவீரர் என்று கணக்கு. இங்கே ஒன்பது வருடம் எல்லையில் நின்ற எங்கள் தெரு மாமாவுக்குப் பென்ஷனும் இல்லை, மருத்துவ அட்டையும் இல்லை. நான்கு வருடத்துக்குப் படையில் ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டத்தில் 2022 இறுதியில் சேர்ந்த முதல் அணிக்கு 2026 இறுதியில் நான்கு வருடம் முடிகிறது. அதில் நூற்றுக்கு 25 பேர்தான் உள்ளே. மீதிப் பேர் பென்ஷன் இல்லாமல் ஊர் திரும்புவார்கள். 'யார் முன்னாள் படைவீரர்' என்ற கேள்விக்கு இனி தாராளமான பதில் வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் மாமா மாதிரி ஊருக்கு ஊர் முளைப்பார்கள்.

போக்குவரத்துக் கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன, இதையும் சுமத்த வேண்டுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. சுமத்தக் கூடாது. பெண்களுக்கான பயணத்துக்கு அரசு கழகங்களுக்குப் பணம் தருகிறது. சீட்டு கிழிப்பதே கணக்குக்காகத்தான். அதே முறையில் இதையும் செய்யலாம். அறுபது வயது நிரம்பிய முன்னாள் படைவீரர், வயது எதுவானாலும் பணியில் ஊனமுற்றவர், கணவனை இழந்த மனைவிமார். இவர்கள் வரைக்கும் போதும். டவுன் பஸ்ஸோடு நிறுத்தாமல் சாதாரணப் புறநகர்ப் பஸ்ஸிலும் வேண்டும், ஏனென்றால் கிராமத்துக்கு ஓடுவது அதுதான். இன்னொன்று: புதிதாக விண்ணப்பம், நான்கு போட்டோ, அட்டெஸ்டேஷன் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு சான்றிதழில் பிறந்த தேதியைத் திருத்த அப்பா ஒரு அலுவலகத்துக்கு ஐந்து முறை அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்னாள் படைவீரர் அடையாள அட்டை ஏற்கெனவே அவர் பையில் இருக்கிறது. பென்ஷன் இல்லாதவரிடம் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. அதைக் காட்டினால் சீட்டு. முடிந்தது.

'ராணுவக்காரர் மட்டும்தான் உழைத்தாரா, துப்புரவுத் தொழிலாளி உழைக்கவில்லையா' என்று என் நண்பன் கேட்டான். அவன் கேட்டது சரி. அறுபது வயதுக்கு மேல் எல்லோருக்கும் சாதாரண பஸ் இலவசம் என்று நாளைக்கே அறிவித்தால் முதல் ஆளாகக் கைதட்டுவேன், இந்தப் பதிவும் தேவைப்படாது. அது வருகிறவரைக்கும், பதிவேடு கையில் இருக்கிற, அட்டை கையில் இருக்கிற ஒரு கூட்டத்திடமிருந்தாவது ஆரம்பியுங்கள் என்கிறேன்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நான் போய் யாருகிட்டயும் கேக்கமாட்டேன்டா" என்றார். "அவர் கேக்கவே வேணாம், நீ எழுது" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

அடுத்த ரெஃபரல் தேதி 14. அம்மா வெள்ளை போர்டு பஸ் நேரத்தை காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.